பெயர் நீக்கிய பிரதி

சிறுகதைகளை வாசித்து ஒலிபரப்பும் பாட்காஸ்ட் ஒன்றில் ஆசிரியர் விலகுகிறார் என்றால், கேட்பவருக்கு அது கதை தொடங்குவதற்கு முந்தைய இரண்டு நிமிடங்களில்தான் தெரியவரும். வழக்கமான அறிமுகம் போய்க்கொண்டிருக்கும். இந்த வாரக் கதை யார் எழுதியது, வாசிப்பவர் யார், அவர் இதற்கு முன் எதை வாசித்தார் என்ற விவரங்களுக்கு நடுவே, இன்னொரு செய்தியும் இருக்கிறது என்பார்கள். இத்தனை காலம் கதைகளைத் தேர்ந்தெடுத்த இன்னார் இந்த மாதத்தோடு விலகுகிறார். இனி இன்னார் பார்த்துக்கொள்வார். காரணம் அரை வரியில் முடிந்துவிடும். நேரமில்லை, குடும்பம், சொந்த எழுத்து. நன்றி சொல்லி முடிப்பதற்குள் கதை ஆரம்பித்துவிடும். பேருந்தில் காதுக்கருவியோடு உட்கார்ந்திருப்பவர் அந்தச் செய்தியைச் சரியாகக் கேட்டாரா என்பதே சந்தேகம்.

சம்பளமில்லாத வேலைக்கு ஓய்வு வயது கிடையாது. பணிமூப்பு, பணிக்கொடை, மூன்று மாத நோட்டீஸ் எதுவும் கிடையாது. தன்னார்வத்தில் வந்தவரை யாரும் போ என்று சொல்லிவிட முடியாது, இரு என்று கட்டாயப்படுத்தவும் முடியாது. எனவே எப்போது விலகுவது என்று முடிவெடுக்கும் வேலையும் ஆசிரியர் தலையிலேயே விழுகிறது. அடுத்தவர் கதையில் கடைசி இரண்டு பத்தி வேண்டாம், இங்கேயே நிறுத்துங்கள் என்று தயங்காமல் எழுதியவர், தன் பங்கை எங்கே நிறுத்துவது என்று மட்டும் தெரியாமல் வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டு போவதைப் பார்க்கிறோம். விலகலும் ஆசிரியப் பணியில் ஒரு பகுதிதான், அதிலும் மிகக் கடினமான பகுதி என்றே நினைக்கிறேன்.

எஸ்கேப் பாட் என்ற அமெரிக்க அறிவியல் புனைகதை பாட்காஸ்ட்டின் வரலாறு இந்த விஷயத்தில் யோசிக்க நிறையக் கொடுக்கிறது. செரா ஈலி அதை 2005 மே மாதம் தொடங்கினார். ஆப்பிள் நிறுவனம் ஐடியூன்சில் பாட்காஸ்ட்டுகளுக்கு இடம் கொடுத்தது அதற்கு அடுத்த மாதம். கேட்பவர்கள் எந்த வழியாக வந்து சேர்வார்கள் என்பது தெளிவாவதற்கு முன்பே வேலை ஆரம்பமாகிவிட்டது. கேட்பவருக்கு இலவசம், எழுதியவருக்குப் பணம் என்பது கொள்கை. அந்தப் பணம் கேட்பவர்கள் விரும்பிக் கொடுக்கும் நன்கொடையிலிருந்து வந்தது. 2006இல் திகில் கதைகளுக்காக சூடோபாட், 2008இல் மாயப் புனைவுகளுக்காக பாட்காசில் என்று குடும்பம் பெருகியது. 2010இல் ஈலி விலகினார். மர் லாஃபர்ட்டி ஆசிரியரானார். 2012இல் அவரும் விலக, நார்ம் ஷெர்மன் வந்தார். 2017இல் லாஃபர்ட்டியே திரும்பி வந்தார், இம்முறை எஸ்.பி. திவ்யாவுடன் சேர்ந்து. இந்தியாவில் பிறந்து சிறுவயதில் அமெரிக்காவுக்குப் போன திவ்யா, பொறியியலாளர், நாவலாசிரியர். 2022இல் அவர் விலகினார். பாட்காசிலின் முதல் ஆசிரியர் ரேச்சல் ஸ்விர்ஸ்கி 2010இல் விலகியபோது, அந்த இடத்துக்கு டேவ் தாம்ப்சன், அன்னா ஷ்விண்ட் என்று இருவர் வந்தார்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது பள்ளிக்கூட வராந்தாவில் தலைமையாசிரியர்களின் பெயர்ப் பலகையைப் படிப்பது போல இருக்கும். கவனித்தால் ஒரு விஷயம் பிடிபடும். ஒருவர் விட்டுப்போன இடத்துக்கு இருவர் வந்தது ஒரு தடவை நடந்த தற்செயல் அல்ல. ஸ்விர்ஸ்கிக்குப் பிறகும் அப்படித்தான், ஷெர்மனுக்குப் பிறகும் அப்படித்தான். போகிறவர் எவ்வளவு சுமந்துகொண்டிருந்தார் என்பது அவர் இருக்கும்வரை யாருக்கும் தெரிவதில்லை. அவரே சொல்லமாட்டார். சொன்னால் புலம்பலாகிவிடும். சுமையை இறக்கிவைத்து, அதை இன்னொருவர் தூக்கிப் பார்க்கும்போதுதான் அதன் எடை தெரிகிறது.

அந்தச் சுமை என்ன என்று கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். ஒரு கதை வந்து சேர்கிறது. எழுதியவரின் பெயர் நீக்கப்பட்ட பிரதியாகத்தான் முதல் வாசிப்பாளர்கள் அதைப் பார்ப்பார்கள். எஸ்கேப் பாட் இந்த முறையைக் கைக்கொள்கிறது. பெரிய பெயரா, முதல் கதையா என்பது படிப்பவருக்குத் தெரியக்கூடாது. துணையாசிரியர்கள் படித்துவிட்டு இது வேண்டாம், இது மேலே போகட்டும் என்று பிரிப்பார்கள். மேலே வந்தவற்றை ஆசிரியர் படிப்பார். மாதம் நூறு கதை என்று வைத்துக்கொண்டால்கூட, கதைக்கு 4,000 சொல் கணக்கில் 4 லட்சம் சொற்கள். தடிமனான நாலைந்து நாவல்களுக்குச் சமம். அவ்வளவையும் ஒருவரே படிக்கப்போவதில்லை என்றாலும், இதெல்லாம் அலுவலகம் விட்டு வந்து, சாப்பாட்டுக்குப் பிறகு, குழந்தை தூங்கிய பின் நடக்கும் வாசிப்பு.

தேர்ந்தெடுத்தபின் ஒப்பந்தம். அங்கே புதிய கதைக்கு ஒரு சொல்லுக்கு 8 சென்ட். 4,500 சொல் கதைக்கு 360 டாலர். அதை அனுப்பும் ஆசிரியர் தன் மணி நேரங்களுக்கு எதுவும் கேட்பதில்லை, அல்லது பெயருக்கு ஒரு தொகை வாங்கிக்கொள்கிறார். அதன்பிறகு அச்சிதழில் இல்லாத வேலை தொடங்குகிறது. இந்தக் கதைக்கு எந்தக் குரல்? கதைசொல்லி கிழவியா, இளைஞனா? கதையில் வரும் ஊர்ப் பெயர்களையும் ஆட்பெயர்களையும் எப்படி உச்சரிப்பது என்று எழுத்தாளரிடம் கேட்டு, வாசிப்பவருக்குக் குறிப்பு எழுதி அனுப்ப வேண்டும். வாசிப்பவர் பெரும்பாலும் தன் வீட்டில், துணி அலமாரிக்குள் மைக்கை வைத்துப் பேசுபவர். தொங்கும் சட்டைகள் எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும். வாசிப்பதற்கு முன் அரை நிமிடம் எதுவும் பேசாமல், அறை சும்மா இருக்கும் சத்தத்தைப் பதிவுசெய்வார். பிழையை வெட்டிய இடங்களில் அந்தச் சத்தத்தைத்தான் ஒட்டுவார்கள். அங்கே சுத்தமான நிசப்தத்தை வைத்தால் ஓட்டை விழுந்த மாதிரி காதுக்கு உறுத்தும். 4,500 சொல் ஆங்கிலக் கதை சுமார் அரை மணி நேரம் ஓடும். அந்த அரை மணி நேரத்தைப் பதிவுசெய்ய ஒரு மணி, வாயின் நச்சொலிகளையும் மூச்சுகளையும் மைக்கில் வெடிக்கும் பகர ஒலிகளையும் சீர்செய்ய இன்னும் ஒன்றிரண்டு மணி. இதில் யாராவது ஒருவருக்குச் சளி பிடித்தால் அந்த வாரக் கதை தள்ளிப்போகும். அதற்கு மாற்றாக வேறு கதை தயாராக இருக்க வேண்டும். இருக்கிறதா என்று பார்க்கிறவரும் ஆசிரியரே.

இவ்வளவு வேலையில் ஆசிரியரைக் களைக்க வைப்பது எது? மணி நேரங்களை எப்படியாவது சமாளித்துவிடலாம். அதைவிட மோசமான களைப்பு ஒன்று இருக்கிறது. கதைகளைப் படித்துப் படித்து, முதல் பக்கத்திலேயே இதைப் படித்திருக்கிறேன் என்று தோன்ற ஆரம்பிப்பது. எழுதியவருக்கு அது முதல் கதை. அவர் இதுவரை யாரும் சொல்லாததைச் சொல்வதாக நம்பி அனுப்பியிருக்கிறார். ஆசிரியருக்கோ, தானே விழித்தெழும் இயந்திரம், கிரகத்தில் தனியாக விடப்பட்டவன், இறந்த மனைவியின் நினைவைச் சேமித்துவைத்த கணவன் எல்லாம் பத்துத் தடவை பார்த்த முகங்கள். அனுபவம் என்று நாம் புகழ்வது இந்த இடத்தில் ஒரு குறைபாடாகிவிடுகிறது. கேட்பவர் ஆசிரியரைப் போல நிராகரிக்கப்பட்ட கதைகளைப் படித்தவரல்ல. அவருக்கு இன்னும் வியக்கத் தெரியும். அந்த வியப்பைப் பகிர்ந்துகொள்ள முடியாதவர், எவ்வளவு நேர்மையாக வேலை செய்தாலும், தனக்குப் புதிதாகத் தெரிவதை மட்டும் தேடத் தொடங்குவார். நிகழ்ச்சி மெல்ல மெல்ல வாசித்து அலுத்தவர்களுக்கான நிகழ்ச்சியாகிவிடும். நேரமில்லை என்ற அரை வரிக் காரணத்துக்குள் இதுவும் ஒளிந்திருக்கலாம்.

ஒலியில் விலகலுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அச்சிதழின் ஆசிரியரை வாசகர் பார்ப்பதில்லை, கேட்பதுமில்லை. தலையங்கத்தின் கீழே பெயர் மாறினால் பாதிப் பேர் கவனிக்கவே மாட்டார்கள். பாட்காஸ்ட்டில் ஆசிரியரே அறிமுகமும் பேசுகிறவரானால், வாரந்தோறும் ஒருவர் காதோரம் வந்து பேசியிருக்கிறார் என்று பொருள். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறைக்குக் குரலோடு உண்டாகும் உறவைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஈலி விலகியபோது எஸ்கேப் பாட் கேட்பவர்கள் இழந்தது கதைத் தேர்வை மட்டுமா, அந்தக் குரலையுமா என்று பிரித்துச் சொல்வது கடினம். சூடோபாட் இதற்கு ஒரு வழி கண்டது. அங்கே அலஸ்டர் ஸ்டூவர்ட் நெடுங்காலமாக அறிமுகமும் கதைக்குப் பின்னான சிறு உரையும் பேசுகிறவர். கதைகளைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர்கள் வேறு. அவர்கள் மாறினார்கள், குரல் நின்றது. குரலையும் தேர்வையும் இரண்டு பேரிடம் கொடுத்துவைத்தால், ஒருவர் போகும்போது மற்றவர் வீட்டில் விளக்கை ஏற்றிவைத்துக்கொள்ளலாம்.

விலகல் என்ற கேள்வியே எழாத ஓர் அமைப்பும் உண்டு. அதே 2005ஆம் ஆண்டு ஆகஸ்டில் மான்ட்ரியாலில் ஹ்யூ மக்குவையர் தொடங்கிய லிப்ரிவாக்ஸ். காப்புரிமை முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவுசெய்து பொதுவில் விடுகிறார்கள். முதலில் எடுத்துக்கொண்டது ஜோசப் கான்ராடின் நாவல் ஒன்று. பலர் ஆளுக்கொரு அத்தியாயமாக வாசித்தார்கள். இன்று அங்கே 20,000க்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. யார் எதை வேண்டுமானாலும் வாசிக்கலாம். பதிவை இன்னொரு தன்னார்வலர் கேட்டு, சொல் விடுபட்டிருக்கிறதா, சத்தம் சீராக இருக்கிறதா என்று பார்ப்பார். வாசிப்பு நன்றாயிருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலையில் சேராது. தேர்வு இல்லாத இடத்தில் வாரிசுச் சண்டையும் இல்லை. தொடங்கியவர் அன்றாடப் பொறுப்பில் இல்லாமலே அது நடக்கிறது. ஆனால் கதை பாட்காஸ்ட் அந்த வழியில் போக முடியாது. இந்த வாரம் உங்களுடைய நாற்பது நிமிடத்தை இந்தக் கதைக்குக் கொடுங்கள் என்று ஒருவர் பொறுப்பேற்றுச் சொல்வதால்தான் அது நடக்கிறது. அந்த ஒருவரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கிடங்கு. ஆக, தேர்வும் வேண்டும், தேர்ந்தெடுப்பவர் மாறவும் வேண்டும். எல்லாச் சிக்கலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

இதை நன்றாகச் சமாளித்தவர்களில் ஒருவர் தமிழர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மேரி ஆன் மோகன்ராஜ், கொழும்பில் பிறந்து குழந்தையாக இருக்கும்போதே அமெரிக்காவுக்குப் போன இலங்கைத் தமிழர். 2000ஆம் ஆண்டு ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ் என்ற இணைய வார இதழைத் தொடங்கினார். அறிவியல் புனைகதையும் மாயப் புனைவும் வெளியிடும் இதழ். எழுதுபவர்களுக்குத் தொழில்முறை விகிதத்தில் பணம், இதழை நடத்துபவர்கள் அனைவரும் தன்னார்வலர்கள், செலவுக்கு வாசகர் நன்கொடை என்பது அதன் ஏற்பாடு. எஸ்கேப் பாட் வருவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு. 2013 முதல் அந்த இதழின் கதைகள் பாட்காஸ்ட்டாகவும் வருகின்றன.

மோகன்ராஜ் 2003இன் இறுதியில் தலைமை ஆசிரியர் பொறுப்பிலிருந்து விலகினார். மூன்றே ஆண்டு. இதழ் பேர்வாங்கத் தொடங்கியிருந்த நேரம். சூசன் மேரி க்ரோப்பி பொறுப்பேற்று 2010 வரை நடத்தினார். அந்த ஆண்டு அவருக்கு உலக ஃபேன்டசி விருது கிடைத்தது, இதழுக்காக. பிறகு நயல் ஹாரிசன், 2017 வரை. அதன்பின் தனி ஒருவர் என்றில்லாமல் குழுவாகவே பொறுப்பைப் பங்கிட்டுக்கொள்ளும் பாங்குக்கு இதழ் நகர்ந்தது. ஹ்யூகோ விருதின் இறுதிப் பட்டியலில் ஆண்டாண்டாக இடம்பெற்றுக் கைநழுவிப்போன விருது 2024இல் கிளாஸ்கோவில் வந்தது. தொடங்கியவர் விலகி இருபது ஆண்டுகள் கழித்து வந்த விருது அது. மூன்றாம் ஆண்டில் கையை எடுத்தவரின் சாதனையாக அதைச் சொல்லலாமா? சொல்லலாம் என்பேன். இதழ் தன்னுடையது என்ற எண்ணம் முற்றிப்போவதற்குள் அவர் அதை விட்டார். மற்றவர்களும் அது தங்களுடையது என்று எண்ண அதனால் இடம் கிடைத்தது.

நம் சிறுபத்திரிகை மரபு இதற்கு நேரெதிர். சி.சு. செல்லப்பா 1959இல் எழுத்துவைத் தொடங்கினார். இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டு, கைப்பொருளை இழந்து, 119 இதழ்கள் கொண்டுவந்து 1970இல் நிறுத்தினார். யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் நிலையம் நடத்திய டொமினிக் ஜீவா, 1966இல் தொடங்கிய மல்லிகையை, போரும் இடப்பெயர்வும் தாண்டி, கொழும்புக்கு வந்த பின்னும் 2012 வரை நடத்தினார். இவர்கள் விலகவில்லை. இதழும் அவர்களும் ஒன்றாகவே இருந்தார்கள், அவர்கள் ஓய்ந்தபோது இதழும் ஓய்ந்தது. இதை நாம் தியாகம் என்கிறோம், சரிதான். அதோடு, இதழ் நிற்பதில் ஒரு பெருமிதமும் நமக்கு உண்டு. வேலை முடிந்தது, நிறுத்திவிட்டார் என்று சொல்வதில் ஒரு கம்பீரம் இருக்கிறது.

அந்தப் பெருமிதத்துக்கு நியாயமும் உண்டு. தமிழில் கைமாறல் இதழுக்குள் நடக்கவில்லை, இதழ்களுக்கு நடுவே நடந்தது. எழுத்துவில் எழுதிய சி. மணி 1968இல் நடை இதழைக் கொண்டுவந்தார். எழுத்து நின்ற 1970இலேயே ஞானக்கூத்தன், ந. முத்துசாமி, சா. கந்தசாமி முதலியவர்கள் சேர்ந்த கசடதபற வந்தது. ஒருவர் ரசனையோடு ஒத்துப்போகாதவர்கள் அவர் நாற்காலியைக் கேட்கவில்லை, தெருவில் வேறு கடை போட்டுக்கொண்டார்கள். விதிவிலக்கும் இல்லாமலில்லை. கஸ்தூரிரங்கன் 1965இல் டெல்லியில் தொடங்கிய கணையாழி அசோகமித்திரன் முதலிய பல கைகளைக் கடந்து வந்திருக்கிறது. சுந்தர ராமசாமி 1988இல் தொடங்கிய காலச்சுவடு இடையில் நின்று, 1994இல் அடுத்த தலைமுறையின் பொறுப்பில் மீண்டும் வந்தது. ஆனால் அவை பொதுவழி அல்ல. நம் பொதுவழி, ஆசிரியரோடு இதழ் போவதும், வேறொரு பெயரில் வேறொருவர் தொடங்குவதும்தான்.

ஒலிக்கு அந்த வழி கட்டுப்படியாகாது என்பதை நாம் இன்னும் சரியாக உணரவில்லை. இறந்த அச்சிதழ் பரணில் கிடக்கும். யாரோ ஒருவர் வீட்டு இரும்புப் பெட்டியில் கிடக்கும். ரோஜா முத்தையா நூலகத்தில் தேடிப்போனால் கிடைக்கும். காகிதத்துக்கு யாரும் மாத வாடகை கட்ட வேண்டியதில்லை. பாட்காஸ்ட் அப்படி அல்ல. ஒலிக்கோப்புகள் ஏதோ ஒரு சேமிப்பு நிறுவனத்தில் வாடகைக்குக் குடியிருக்கின்றன. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஆர்எஸ்எஸ் ஓடை என்பது ஒரு முகவரி மட்டுமே. கேட்பவர் தன் கைபேசியில் சந்தா போட்டது அந்த முகவரிக்கு. இணையப் பெயரை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கடனட்டை விலகிய ஆசிரியருடையதாக இருந்து, அது காலாவதியானால், நினைவூட்டல் மடல் அவர் திறந்து பார்க்காத பழைய மின்னஞ்சலுக்குப் போகும். ஒரு நாள் சத்தமில்லாமல் எல்லாக் கதைகளும் காணாமல் போகும். புதியது மட்டும் நிற்காது, பழையதும் போய்விடும். லிப்ரிவாக்ஸ் தன் பதிவுகளை இன்டர்நெட் ஆர்கைவில் வைத்திருப்பதன் அருமை இப்போது புரியும். எஸ்கேப் பாட் தன் ஒலிப்பதிவுகளை யாரும் மாற்றாமல், விற்காமல் பகிர்ந்துகொள்ளலாம் என்ற பொது உரிமத்தில் விட்டதன் அருமையும் புரியும். பிரதி பல கைகளில் இருந்தால்தான் ஒரு கை விட்டாலும் நிற்கும்.

ஆகவே விலகும் ஆசிரியர் எழுதவேண்டிய முக்கியமான எழுத்து விடைபெறும் உரை அல்ல, ஒப்படைப்புக் குறிப்பு. அதில் இலக்கியம் ஒன்றும் இராது. கடவுச்சொற்கள், எந்தத் தேதியில் எதற்குப் பணம் கட்ட வேண்டும், பணம் கொடுத்து வாங்கி இன்னும் ஒலிபரப்பாத கதைகள் எத்தனை, வாசிக்கச் சொல்லி அனுப்பி இன்னும் திரும்பி வராதவை எவை. எந்த வாசிப்பாளருக்கு எந்த மாதத்தில் வேலை அதிகம், யாருக்குக் குழந்தைகள் இறக்கும் கதையை அனுப்பக் கூடாது, எந்த எழுத்தாளர் தன் பெயர் தவறாக உச்சரிக்கப்பட்டதால் மனம் வருந்தியிருக்கிறார். இவை எங்கும் பதிவாகாதவை, ஆசிரியர் மண்டையில் மட்டும் இருப்பவை. இவற்றை எழுதிவைக்காமல் போனவர், நிகழ்ச்சியை விட்டுச்சென்றேன் என்று எவ்வளவு பெருந்தன்மையோடு சொன்னாலும், பாதியைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போனவர்தான்.

இன்னொன்றையும் அவர் எடுத்துக்கொண்டு போகக்கூடும். சம்பளம் இல்லாத இடத்தில் மனிதர்களைக் கட்டிவைப்பது பெரும்பாலும் ஆளின் மீதான அன்பு. அவர் கேட்டார், வந்தேன். அவர் இருக்கிறார், இருக்கிறேன். அவர் விலகினால் வாசிப்பாளர் ஒருவர், துணையாசிரியர் இருவர் என்று மெல்ல உதிர்வார்கள். யாரும் கோபித்துக்கொண்டு போவதில்லை. அடுத்த கதை கேட்டு மடல் வரும்போது இந்த மாதம் முடியாது என்பார்கள், அதற்கடுத்த மாதமும். தன்மேல் அன்புள்ளவர்களை வேலையின்மேல் அன்புள்ளவர்களாக மாற்றுவதற்கு எந்தக் குறிப்பிலும் வழி எழுதிவைக்க முடியாது.

அது விலகும் மாதத்தில் செய்யக்கூடியதும் அல்ல. பல ஆண்டுகள் முன்பே தொடங்கியிருக்க வேண்டும். எப்போது தொடங்குகிறது என்று கேட்டால் என் பதில் இது: தனக்குப் பிடிக்காத ஒரு கதையை ஆசிரியர் முதன்முதலாக ஒலிபரப்ப அனுமதிக்கும் நாளில். துணையாசிரியர் ஒருவர் ஒரு கதைக்காகச் சண்டை போடுகிறார். இதில் நீங்கள் பார்க்காத ஒன்று இருக்கிறது என்கிறார். ஆசிரியருக்கு அது தெரியவில்லை. மறுபடி படித்தும் தெரியவில்லை. ஆனாலும் சரி, உங்கள் பொறுப்பு, போகட்டும் என்கிறார். அந்த வாரம் அவர் நாற்காலியின் ஒரு கால் இன்னொருவர் பக்கம் நகர்ந்துவிட்டது. இப்படிச் சில கதைகள் போனபின், குழுவில் உள்ளவர்களுக்கு நிகழ்ச்சியின் ரசனை ஒரு மனிதரின் ரசனை அல்ல என்று தெரிந்துவிடும். விலகுவது அதன் பிறகு ஒரு சம்பிரதாயம்.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. செல்லப்பா பிடிக்காததை வெளியிட்டிருந்தால் எழுத்து எழுத்துவாக இருந்திருக்குமா? ஒருவரின் பிடிவாதமான ரசனையால்தானே சில இதழ்கள் வரலாற்றில் நிற்கின்றன? உண்மை. கூட்டு ரசனை பல சமயம் யாருக்கும் மிகவும் பிடிக்காத, யாரும் மிகவும் வெறுக்காத கதைகளை நோக்கி இறங்கிவிடும். ஆனால் நான் சொல்வது வாக்கெடுப்பை அல்ல. ஒருவருக்கு மிகவும் பிடித்து, ஆசிரியருக்குப் பிடிக்காத கதையைப் பற்றிச் சொல்கிறேன். அங்கே பிடிவாதம் போய்விடவில்லை, வேறு ஒருவரிடம் இருக்கிறது, அவ்வளவுதான். ஓர் ஆசிரியர் தன்னைப் போன்ற ரசனையுள்ளவரை வாரிசாகத் தேடுவதைவிட, தன்னைப் போலவே பிடிவாதம் உள்ளவரைத் தேடுவது நல்லது. ரசனை மாறலாம். கதைக்காகச் சண்டைபோடத் தெரியாதவர் கையில்தான் நிகழ்ச்சி நீர்த்துப்போகும்.

விலகியவர் என்ன ஆவார்? பலர் எழுதப்போகிறார்கள். ஸ்விர்ஸ்கி நெபுலா விருது பெற்ற எழுத்தாளர். லாஃபர்ட்டியும் திவ்யாவும் நாவலாசிரியர்கள். மற்றவர்களின் கதைகளுக்குக் கொடுத்த மாலைநேரங்கள் மீண்டும் தங்களுக்கே கிடைப்பதில் ஒரு பேராசைகூட இருக்கலாம். அதில் தவறில்லை. லாஃபர்ட்டி போல ஐந்து ஆண்டு கழித்துத் திரும்பி வருவதும் நடக்கும். திரும்பி வரும்போது வேறொருவரோடு நாற்காலியைப் பகிர்ந்துகொள்ளத் தயாராக இருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

விலகல் முழுமையடைந்ததா என்று அறிய நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். பழைய ஆசிரியர் சில ஆண்டுகள் கழித்து ஒரு கதை எழுதுகிறார். தான் வளர்த்த நிகழ்ச்சிக்கே அதை அனுப்புகிறார். விதிப்படி பெயர் நீக்கப்படுகிறது. அவர் விலகிய பின் குழுவில் சேர்ந்த துணையாசிரியர் ஒருவர், அவரை ஒருமுறைகூடச் சந்தித்திராதவர், இரவு பதினொரு மணிக்கு அந்தப் பிரதியைத் திறந்து மூன்று பக்கம் படிக்கிறார். நன்றாக எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் நமக்கு வேண்டாம் என்று குறிப்பு எழுதிவிட்டு அடுத்த கதைக்குப் போகிறார். மறுநாள் காலை பழைய ஆசிரியருக்கு ஒரு நிராகரிப்பு மடல் வருகிறது. படித்தால், சொற்கள் பழக்கமானவையாக இருக்கின்றன. அந்த மடலின் வாசகத்தைப் பத்து ஆண்டுகளுக்கு முன் எழுதிக்கொடுத்தவர் அவரேதான். கொஞ்சம் கோபம் வரட்டும், வருவது இயல்பு. ஆனால் இதைவிடப் பெரிய விருது அவருக்கு எங்கிருந்தும் வரப்போவதில்லை.